பட்டு வாங்க வருகிறவர் பார்க்காமல் போகும் ஆரணி

வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்துக் குடியானவர் குடும்பத்தோடு ஆரணிக்குக் கிளம்புவது வழக்கம். காலையில் பஸ் ஏறி, பகலுக்குள் கூறைப் புடவை எடுத்து, ஓட்டலில் சாப்பிட்டு, பொழுது சாய ஊர் திரும்பிவிடுவார்கள். ஆரணியில் அவர்கள் பார்த்தது கடையின் மெத்தையும் விளக்கும்தான். அந்த ஊரையும் அதைச் சுற்றியுள்ள ஆற்றையும் மலையையும் பார்க்க இன்னும் ஒன்றரை நாள் ஒதுக்கினால், கண்ணுக்கும் நிறைவாக இருக்கும். நிலம் வைத்திருப்பவருக்குப் பயனுள்ள சில கணக்குகளும் கையில் கிடைக்கும்.

ரயிலில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காட்பாடி-விழுப்புரம் பாதையில் 'ஆரணி ரோடு' என்று பலகை மாட்டிய நிலையம் இருக்கிறது. அது இருப்பது களம்பூரில். ஆரணிக்கு அங்கிருந்து மறுபடி பஸ் பிடிக்க வேண்டும். இது தெரியாமல் மூட்டையும் முடிச்சுமாக இறங்கி விழிப்பவர்கள் உண்டு.

விடியற்காலைத் தெரு

ஆரணியைப் பார்க்க ஏற்ற நேரம் விடியற்காலை. வெயில் ஏறுவதற்கு முன் நெசவாளர் தெருக்களில் பாவு விரிப்பார்கள். தெரு நீளத்துக்கு இரு பக்கமும் முளை அடித்து, பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டுச் சீர் செய்வார்கள். வீட்டில் உள்ள ஆண், பெண் எல்லோரும் கை கொடுக்கும் வேலை இது. மழை தூறினால் அன்றைக்கு வேலை கிடையாது. நாற்றங்கால் விட்டவர் வானத்தைப் பார்ப்பது போல நெசவாளியும் வானத்தைப் பார்க்கிறார்.

சௌராஷ்டிரர்களும் செங்குந்தர்களும் தலைமுறை தலைமுறையாக இங்கே தறி போட்டு வருகிறார்கள். தறி ஆரணி நகரத்தோடு நிற்கவில்லை. சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம் என்று சுற்றுக் கிராமங்களிலும் ஓசை கேட்கிறது. இந்தக் கிராமங்களில் ஒரே தெருவில் ஒரு வீட்டு வாசலில் மல்லாட்டை காயும்; அடுத்த வீட்டு வாசலில் சாயம் போட்ட நூல் காயும்.

வீட்டுக்குள் குழித்தறி. நெசவாளி குழியில் காலை வைத்து மிதி மிதிக்கிறார். கை நாடாவை ஓட்டுகிறது. தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதில் துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி, எந்த இழை தூக்க வேண்டும், எது கிடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போகின்றன. பக்கத்தில் வீட்டுப் பெண்மணி தார் சுற்றுகிறார். அந்த உழைப்பு யார் கணக்கிலும் தனியாக ஏறுவதில்லை. களை பறிக்கும் சம்சாரி வீட்டுப் பெண்ணின் உழைப்பைப் போலத்தான். கரையும் முந்தியும் எவ்வளவு வேலைப்பாடு என்பதைப் பொறுத்து ஒரு புடவைக்குச் சில நாட்களும் ஆகும். பல நாட்களும் ஆகும்.

காஞ்சிபுரத்துப் புடவையோடு ஒப்பிட்டால் ஆரணிப் புடவை பொதுவாக எடை குறைவு, விலையும் குறைவு. அதனால்தான் நடுத்தரக் குடும்பமும் சிறு விவசாயியும் இதை நாடி வந்தார்கள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இந்தப் பகுதியில் இந்த முறையில் நெய்யப்படாத ஒன்றை ஆரணிப் பட்டு என்று விற்கக் கூடாது என்பது அதன் பொருள். கைத்தறிக்கென்று 1985ஆம் ஆண்டு ஒதுக்கீட்டுச் சட்டமும் வந்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, விசைத்தறியில் ஓடி வந்த சரக்கும் அதே அலமாரியில் பக்கத்திலேயே அடுக்கப்படுவது உண்டு. புடவை எடுப்பவர் கைத்தறி முத்திரையும் பட்டு முத்திரையும் கேட்டுப் பார்த்து வாங்குவது அவருக்கும் நல்லது, நெய்தவருக்கும் நல்லது. முந்தியின் ஓரத்தில் தொங்கும் நூல் இரண்டைக் கிள்ளி நெருப்பில் காட்டினால், உண்மைப் பட்டு தலைமுடி கருகும் வாடையோடு எரிந்து, நசுக்கினால் பொடியாகும். செயற்கை நூல் உருகிக் கெட்டியான மணியாகி நிற்கும்.

கூடு எங்கே, புடவை எங்கே

இங்கே வரும் விவசாயிகள் தறியைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இத்தனை பட்டு ஓடுகிறதே, நாமும் ஒரு ஏக்கர் மல்பெரி போட்டால் என்ன?"

கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நெசவாளி பட்டுக்கூடு வாங்குவதில்லை. கூடு அங்காடிக்குப் போகிறது. அங்கே நூற்பாளர் ஏலத்தில் எடுத்து, வெந்நீரில் போட்டு இழை எடுக்கிறார். பிறகு நூல் முறுக்கேறி, பசை நீங்கி, சாயம் ஏறித்தான் தறிக்கு வருகிறது. ஆரணித் தறிகளில் ஓடும் நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வருவது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஆகவே, ஆரணிக்குப் பக்கத்தில் நிலம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து மல்பெரி நடுவது சரியல்ல. தர்மபுரி போன்ற அரசுப் பட்டுக்கூடு அங்காடி எவ்வளவு தூரம், கூட்டை அங்கே கொண்டுபோக என்ன செலவு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு புடவைக்கு எத்தனை கூடு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு புடவையில் ஜரிகை நீங்கலாகப் பட்டு 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சும்போது பட்டின் மேலுள்ள பசை கரைந்து கால் பங்கு எடை போய்விடும். ஆகவே கச்சாப் பட்டு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் வேண்டும். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஏறத்தாழ 7 கிலோ கூடு. அப்படியானால் ஒரு புடவைக்கு மூன்றரை, நான்கு கிலோ கூடு. எண்ணிக்கையில் இரண்டாயிரத்துக்கும் மேல். இத்தனை புழுக்களுக்கும் ஒருவர் வேளை தவறாமல் இலை போட்டிருக்கிறார்.

வெண்பட்டு வளர்ப்பில் நன்றாகக் கவனித்தால் 100 முட்டைத் தொகுதிக்கு 60 முதல் 80 கிலோ வரை கூடு எடுக்கிறார்கள். இளம்புழு வளர்ப்பு மையத்தில் இரண்டு தோலுரிப்பு முடிந்த புழுவாக வாங்கினால், வீட்டில் மூன்று வாரத்துக்குள் கூடு கட்டிவிடும். நெல்லுக்கு நான்கு மாதம் காத்திருப்பவருக்கு இது பெரிய சலுகை. ஆனால் அந்த மூன்று வாரமும் கல்யாணம், காட்சி என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு போக முடியாது. புழு வளர்ப்புக்குத் தனி மனை வேண்டும். ஒவ்வொரு தடவையும் மருந்து தெளித்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஊசி ஈ நுழையாமல் வலை அடிக்க வேண்டும். பக்கத்து வயல்காரர் கத்தரிக்கு அடிக்கும் பூச்சிமருந்து காற்றில் மிதந்து வந்து மல்பெரி இலையில் படிந்தால், ஒரே நாளில் புழு அத்தனையும் போய்விடும். புகையிலைத் தோட்டத்துக்குப் பக்கத்திலும் மல்பெரி ஆகாது. பக்கத்து நிலத்துக்காரரோடு பேசி வைக்காமல் மல்பெரியில் இறங்கக் கூடாது என்பது அனுபவம் உள்ளவர்கள் சொல்லும் முதல் பாடம்.

பேர் போன அரிசி

ஆரணிக்குப் பட்டைப் போலவே அரிசியிலும் பேர் உண்டு. ஊரைச் சுற்றிலும் களம்பூர் வரையிலும் அரிசி ஆலைகள். நெல்லை ஊறவைக்கும் தொட்டி, உமி எரியும் கொதிகலன், பரந்த களம், அதில் நெல்லைக் காலால் தள்ளிக் கிண்டும் ஆட்கள். பெரிய ஆலைகளில் இன்று களத்தின் வேலையை உலர்த்தும் எந்திரம் செய்கிறது; கல்லும் கறுப்பும் பொறுக்குவதற்கும் எந்திரம். "ஆரணி அரிசி", "களம்பூர் பொன்னி" என்று சாக்கில் அச்சடித்துச் சென்னைக்கும் அதற்கு அப்பாலும் போகிறது.

இங்கே விவசாயி நின்று யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தச் சாக்குக்குள் இருக்கும் நெல் எல்லாம் ஆரணி வயலில் விளைந்ததல்ல. பல மாவட்டங்களின் நெல் இங்கே வந்து புழுங்கி அரிசியாகிறது. பேர் பெற்றது விளைச்சல் அல்ல, அவித்து அரைக்கும் பக்குவம்தான். ஆகவே அந்தப் பேருக்கு வரும் கூடுதல் விலை ஆலையில் நின்றுவிடுகிறது. களத்தில் நெல்லைப் போட்டவருக்கு மூட்டை விலைதான். சொர்ணவாரிப் பட்டத்து நெல் ஈரத்தோடு வரும்போது அந்த மூட்டை விலையிலும் கழிவு. இதில் ஆலைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் முதல் போட்டார், பக்குவம் கண்டார். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லின் ஈரப்பதத்தைப் பார்த்து, அன்றைய விலையைத் தெரிந்துகொண்டு பிறகு பேசுவது சிறு விவசாயி தன் பங்குக்குச் செய்துகொள்ளக் கூடியது.

கோட்டை, மாளிகை, மலைக்கோயில்

பகல் வெயிலில் பார்க்கக் கோட்டை இருக்கிறது. 1751ல் கிளைவ் ராஜா சாகிபை எதிர்த்துச் சண்டை போட்டதும், 1782ல் ஐதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி கூட்டும் மோதியதும் இந்த ஊர்ப் பக்கத்தில்தான். 1790ல் இங்கே இறந்த கர்னல் ராபர்ட் கெல்லிக்கு ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. இத்தனை படைகள் இந்தச் சிறிய ஊரைச் சுற்றி வந்ததற்குக் கோட்டை மட்டும் காரணமல்ல. ஆயிரக்கணக்கான குதிரைக்கும் ஆளுக்கும் தீனி வேண்டும். நெல்லும் ஆறும் ஏரியும் உள்ள பூமியாகப் பார்த்துத்தான் படை தங்கும்.

மராட்டிய ஜாகீர்தார்கள் நீண்ட காலம் ஆரணியை ஆண்டார்கள். எஸ்.வி. நகரம் என்று சுருக்கி அழைக்கப்படும் சத்திய விஜய நகரத்தில் அவர்களுடைய அரண்மனையும், பூசிமலைக்குப்பம் காட்டுக்குள் கண்ணாடி மாளிகையும் இருக்கின்றன. கண்ணாடி மாளிகையைப் பற்றி வெள்ளைக்காரப் பெண்ணை வைத்து ஒரு காதல் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, கட்டிடம் சிதைந்து கிடக்கிறது. பார்க்கப் போகிறவர் பகலிலேயே போய்த் திரும்ப வேண்டும்.

போளூர் வழியில் வடமாதிமங்கலத்துக்கு அருகில் உள்ள திருமலையை விட்டுவிடக் கூடாது. பாறையைக் குடைந்து நிற்க வைத்த நேமிநாதர் சிலை சுமார் 16 அடி. அதே மலைப் பாறையில் ராஜேந்திர சோழன் கங்கை வரை வென்றதைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. இத்தனை பெரிய வெற்றிப் பட்டியலைச் சொல்லி முடித்து அந்தக் கல்வெட்டு பதிவு செய்யும் செய்தி என்ன தெரியுமா? ஒரு வணிகரின் மனைவி இந்தக் கோயிலில் விளக்கெரிக்கவும் திருவமுதுக்கும் காசு கொடுத்தார் என்பதுதான். இந்தச் சுற்றுவட்டாரத்துச் சமணர்கள் பலர் இன்றும் உழுது பயிர் செய்யும் குடும்பங்களே.

ஆற்றின் தலைமாடு

மாலையில் சந்தவாசல் வழியாகப் படவேட்டுக்குப் போய்விடலாம். சம்புவராயர்களுக்குத் தலைநகராக இருந்த ஊர் அது. இன்று ரேணுகாம்பாள் கோயிலாலும் வாழைத் தோட்டங்களாலும் அறியப்படுகிறது. ஆடி வெள்ளிகளில் கூட்டம் தாங்காது; அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர் மற்ற மாதங்களில் வருவது நல்லது. மூன்று பக்கமும் மலை. காலைப் பனியில் வாழை இலைகளுக்கு மேலே ஜவ்வாது மலை நீலமாக எழுவதைப் பார்க்க எவ்வளவு தூரமும் வரலாம்.

இந்த மலையிலிருந்து இறங்குவதுதான் கமண்டல ஆறு. அது நாகநதியோடு கலந்து கமண்டல நாகநதியாக ஆரணியைத் தொட்டுக்கொண்டு ஓடி, செய்யாற்றில் சேருகிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. ஓடுகிறது என்று எழுதுவது எளிது. ஆண்டில் பெரும்பகுதி நாட்கள் ஆரணிப் பாலத்தின் கீழே மணலும் முள்ளும்தான். ஆனால் அந்த மணலுக்குள் இருக்கும் ஈரம்தான் இரு கரையிலும் உள்ள கிணறுகளுக்கு உயிர். மணலை வாரிய இடத்தில் கிணறும் வற்றும் என்பதை ஆற்றோரக் கிராமங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

படவேட்டுக்குப் பக்கத்தில் செண்பகத்தோப்பு அணை இருக்கிறது. 62 அடி ஆழத்துக்குத் தண்ணீர் தேக்கக் கூடியது, 2007ல் திறக்கப்பட்டது. திறந்த பிறகு பல ஆண்டுகள் மதகுக் கதவுகள் சரியாக இயங்காததால் அணையை முழுதாக நிரப்ப முடியாமல் இருந்தது. பிறகு கதவுகள் சீரமைக்கப்பட்டன. அணை கட்டினால் மட்டும் போதாது, கதவு தூக்கி இறக்க வர வேண்டும். இது ஊர் ஏரிக்கும் பொருந்தும். ஊருக்குத் திரும்பியதும் தங்கள் ஏரியின் மதகுப் பலகையையும் கலங்கலையும் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். தண்ணீர் விட வேண்டிய நாளில் பார்ப்பதைவிடக் கோடையில் பார்ப்பது மேல்.

நாகநதிப் பக்கம் இன்னொரு வேலை நடந்திருக்கிறது. வேலூர் மாவட்டத்தில் அந்த நதியின் படுகையில், 2014 முதல், நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் நீர் ஊறு கிணறுகள் தோண்டினார்கள். ஓடைகளில் கல் தடுப்புகள் வைத்தார்கள். ஆற்றுப் படுகையில் உறை இறக்கி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பி, ஓடும் வெள்ளத்தை மண்ணுக்குள் இறக்கும் கிணறு அது. மேட்டில் தண்ணீரை நிறுத்தினால் பள்ளத்தில் கிணறு ஊறும் என்ற பழைய உண்மைதான்.

மலைமேல் சாமை

மறுநாள் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலைப் பஸ். வளைவுகள் அதிகம், வாந்தி வருபவர்கள் எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள்ளலாம். மேலே போகப் போக வெப்பம் குறைகிறது. பீமன் அருவி ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நன்றாக விழும், பங்குனியில் போனால் பாறையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். காவலூரில் வைணு பாப்பு வானாய்வு நிலையம். 1986ல் நிறுவிய அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.3 மீட்டர் குறுக்களவு. 1988ல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜத்தின் பேர் வைத்தார்கள். பார்வையாளரை அனுமதிக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போக வேண்டும்.

விவசாயியின் கண்ணுக்கு மலைமேல் விருந்து சாமைதான். ஆனி, ஆடியில் சரிவு நிலத்தில் விதைத்த சாமை புரட்டாசியில் கதிர் சாய்ந்து நிற்கும். மலையாளி என்று அழைக்கப்படும் மலைவாழ் மக்கள் நெடுங்காலமாகப் போற்றி வரும் பயிர். மூன்று மாதப் பயிர். வானம் பார்த்த பூமிக்குப் போதும். திருவண்ணாமலைக்கு அருகில் அத்தியந்தலில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையம் ஏ.டி.எல். 1 என்ற சாமை ரகத்தை வெளியிட்டிருக்கிறது. கீழ்நாட்டுப் புஞ்சைக்காரர்களும் அங்கே விசாரித்து விதை பெறலாம்.

சாமையில் தொல்லை அதன் உமிதான். குத்திப் புடைத்து அரிசியாக்குவது இடுப்பை ஒடிக்கும் வேலை. அதனால் மலை மக்கள் சாமையை அப்படியே மூட்டையாக வியாபாரியிடம் போட்டுவிட்டு, கீழே கடையில் சாமை அரிசி விற்கும் விலையைக் கேட்டு வியந்து நிற்பது வழக்கமாக இருந்தது. இப்போது மலைவாழ் உழவர்களே சேர்ந்து ஜமுனாமரத்தூரில் உற்பத்தியாளர் நிறுவனம் அமைத்து, சாமை, தேன், புளி, மிளகு எல்லாவற்றையும் ஜவ்வாது மலைப் பேரிலேயே விற்கிறார்கள். ஆரணி அரிசியில் ஆலையோடு நின்றுவிட்ட பேர், இங்கே விளைவித்தவர் கைக்கு வரப் பார்க்கிறது.

ஊர்ப் பேரை உழவர் கையிலேயே வைத்துக்கொள்வது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு வெகு தூரத்து உதாரணம் ஒன்று உண்டு. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் சுவான்சீ என்று ஒரு கடற்கரை நகரம். ஒரு காலத்தில் செம்பு உருக்குவதில் உலகப் பேர் பெற்று, ஆலைப் புகையில் கறுத்துக் கிடந்த ஊர். அதை ஒட்டிக் கடலுக்குள் நீண்டிருக்கிறது கவர் தீபகற்பம்: பாறை முனைகள், மணற்கரைகள், கல் வேலி போட்ட சிறு வயல்கள். பிரிட்டனில் இயற்கை எழில் மிக்க பகுதி என்று 1956ல் முதன்முதலாகப் பாதுகாப்புப் பெற்றது அதுதான். பாதுகாப்பு என்று சொல்லி விவசாயியை வெளியே தள்ளவில்லை. அவர்கள் பயிர் வைத்துக்கொண்டும் ஆடு மேய்த்துக்கொண்டும் அங்கேயே இருக்கிறார்கள். ரோசிலி என்ற ஊரில் இடைக்காலத்துப் பழைய முறையில், வரப்பு போட்டுப் பட்டை பட்டையாகப் பிரித்த நிலங்களை இன்றும் காட்டுகிறார்கள். நம் ஊர்ப் பாகப் பிரிவினை நிலம் போலவே இருக்கும். கடல் நீர் ஏறி இறங்கும் உவர் சதுப்பில் விளையும் புல்லையும் பூண்டையும் மேய்ந்த ஆட்டுக்குட்டியின் கறிக்கு ஒரு தனிச் சுவை. 2021ல் அந்தக் கறிக்கு ஊர்ப் பேரோடு சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அந்தச் சதுப்பில் மேயாத ஆட்டை அந்தப் பேரில் விற்க முடியாது. சுற்றிப் பார்க்க வருகிறவர் அழகைப் பார்த்துவிட்டு, அதே அழகில் மேய்ந்த ஆட்டின் கறியை அதே ஊரில் விலை கொடுத்துச் சாப்பிட்டுப் போகிறார்.

ஜவ்வாது மலைக்கு வருகிற கூட்டம் பெரும்பாலும் சோற்று மூட்டையும் தண்ணீர்ப் பாட்டிலும் கீழேயிருந்தே கொண்டுவந்து, அருவியில் குளித்து, காலிப் பாட்டிலை அங்கேயே போட்டுவிட்டு இறங்குகிறது. மலைக்காரருக்கு மிஞ்சுவது குப்பை. ஒரு வேளை சாமைச் சோறு அங்கே சாப்பிட்டு, இரண்டு படி சாமையோ ஒரு புட்டித் தேனோ வாங்கினால் கணக்கு மாறும்.

போகிறவர்களுக்கு

ஐப்பசி முதல் தை வரை ஏற்ற காலம். சம்பா நடவு முடிந்த ஓய்வில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொண்டால், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம். பஸ்ஸில் போகிறவர்கள் முதல் நாள் காலை ஆரணித் தெருவும் தறியும், பகலில் ஆலையும் கோட்டையும், மாலைக்குள் திருமலை பார்த்துப் படவேடு என்று வைத்துக்கொள்ளலாம். நெசவாளர் வீட்டுக்குள் போகும் முன் கேட்டுக்கொண்டு போக வேண்டும். ஓடும் பாவைத் தொடக் கூடாது, கை ஈரம் பட்டால் சாயத்தில் கறை நிற்கும். அணை நீரில் குழந்தைகளை இறக்க வேண்டாம். மலையில் பிற்பகலுக்கு மேல் பஸ் குறைவு. ஜமுனாமரத்தூரில் இறங்கியதுமே திரும்பும் கடைசி பஸ் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. புடவையை மட்டும் முதல் நாளே வாங்கித் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டாம். திரும்பும் வழியில் ஆரணியில் இறங்கி எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் தறியையும் பார்த்திருப்பதால், கடைக்காரர் சொல்லும் விலையில் எது கூலி, எது ஜரிகை என்று கேட்கத் தெரிந்திருக்கும்.